செப்சிஸும் ஏற்பி பெப்டைடுகளும்: இந்த முறையாவது தேறுமா?

வெண்ணணு:

வேறோர் இழையில் "செப்சிஸுக்கு மருந்து தேடுற வேலை செத்து ரொம்ப நாளாச்சு" என்று ஒருவர் போகிற போக்கில் எழுதியிருந்தார். அங்கே பேச்சு வேறு திசைக்குப் போய்விட்டதால் தனி இழையாகத் தொடங்குகிறேன். என்னைக் கேட்டால் சாகவில்லை. திசை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் பின்னணி. 2016இல் வந்த வரையறைப்படி, தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை நிலைதவறி, அதனால் உறுப்புகள் செயலிழந்து உயிருக்கு ஆபத்து வருவதுதான் செப்சிஸ். நம்மைச் சாய்ப்பதில் கிருமிக்கு எவ்வளவு பங்கோ, அதை விரட்டப் போன நம் வெள்ளணுக்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 4.89 கோடிப் பேருக்கு செப்சிஸ் வந்ததாகவும் 1.1 கோடிப் பேர் இறந்ததாகவும் ஒரு பெரிய மதிப்பீடு இருக்கிறது. ஆன்டிபயாடிக் கிருமியைப் பார்த்துக்கொள்ளும். உடலின் எதிர்வினையைத் தணிப்பதற்கென்றே உருவாக்கிய மருந்துகள் ஒன்றும் நிலைக்கவில்லை.

இப்போது விஷயம். நியூட்ரோஃபில், மோனோசைட் ஆகிய வெள்ளணுக்களின் மேற்பரப்பில் டிரெம்-1 என்று ஓர் ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கும் புரதம், இருக்கிறது. 2000இல் அடையாளம் கண்டார்கள். அடுத்த ஆண்டே, அதைத் தடுத்தால் எலிகள் செப்டிக் ஷாக்கிலிருந்து (செப்சிஸ் முற்றி ரத்த அழுத்தம் சரிவது) தப்புகின்றன என்று காட்டினார்கள். 2004இல் பிரான்ஸில் கிபோ குழுவினர், அந்த ஏற்பியின் ஒரு துண்டைப் போலவே 17 அமினோ அமிலம் கோத்து எல்பி17 என்ற பெப்டைடை, அதாவது ஒரு குட்டிப் புரதச் சங்கிலியை, செய்து எலிகளைக் காப்பாற்றினார்கள். பிறகு வந்தது 12 அமினோ அமிலம் மட்டுமே கொண்ட எல்ஆர்12. இது டிஎல்டி-1 என்ற தட்டணு ஏற்பியிலிருந்து எடுத்த துண்டு. அதுதான் நாங்கிபோடைட் என்ற பெயரில் மனிதர்களிடம் இரண்டாம் கட்டச் சோதனை வரை வந்திருக்கிறது.

முழுப் புரதமும் வேண்டாம், ஆன்டிபாடியும் வேண்டாம், ஏற்பியின் ஒரு துணுக்கு போதும் என்கிற இந்த யோசனை தேறுமா? உங்கள் கருத்து என்ன?

ஐசியு ஆந்தை:

தம்பி, ஆர்வம் புரியுது. ஆனா இந்தத் துறையில கை சுட்டுக்காத ஆளே கிடையாது.

உடம்போட ஏற்பியையே மருந்தா குடுக்கறது புதுசில்ல. வீக்கத்தை மூட்டற டிஎன்எஃப் புரதத்தோட ஏற்பி இருக்கே, அதோட வெளிப்பகுதியை ஆன்டிபாடி வாலோட ஒட்டி 1996லயே போட்டுப் பாத்தாச்சு. 141 நோயாளிகள். போலி மருந்து வாங்கினவங்கள்ல 30 சதவீதம் பேர் இறந்தாங்க. குறைஞ்ச டோஸ்லயும் 30. நடு டோஸ்ல 48. அதிக டோஸ்ல 53. மருந்து கூடக் கூட சாவும் கூடுச்சு. ஒண்ணும் பண்ணாத மருந்தா இருந்தாக்கூட மன்னிச்சிடலாம்.

அப்புறம் கிருமியை மோப்பம் பிடிக்கிற டிஎல்ஆர்4 ஏற்பியை அடைக்கிற எரிடோரான். பாக்டீரியாவோட எண்டோடாக்ஸின்ங்கற நச்சு வந்து உக்கார்ற அதே எடத்துல இது போய் உக்காந்துக்கும். தியரி கண்ணாடி மாதிரி தெளிவு. ஏறக்குறைய 2,000 பேர்கிட்ட சோதிச்சு 2013ல முடிவு வெளியாச்சு. பலன் இல்ல. ஷிக்ரிஸ்னு ஒரு செப்சிஸ் மருந்து 2001ல அனுமதி வாங்கி, பத்து வருஷம் புழக்கத்துல இருந்துட்டு, 2011ல மறுசோதனையில தோத்துப் போய் சந்தையை விட்டே போயிடுச்சு.

அதனால "எலி பிழைச்சுது"ன்னு யாராவது ஆரம்பிச்சா நான் காபி குடிக்கப் போயிடுவேன்.

ஓரமாய் ஒருவன்:

எலியாகப் பிறந்திருந்தால் நமக்கு எந்த நோயுமே இருந்திருக்காது.

கேள்விக்காரி:

நான் மருத்துவம் படிச்சவ இல்ல. வீட்ல ஒருத்தருக்கு செப்சிஸ் வந்து மீண்டதுக்கு அப்புறம் இதைப் பத்தி வாசிச்சிட்டிருக்கேன். ஒரு அடிப்படைக் கேள்வி. கிருமி ரத்தத்துல ஓடிட்டிருக்கும்போது எதிர்ப்புச் சக்தியைக் குறைச்சா கிருமிக்குத்தானே கொண்டாட்டம்? அதை எந்த தைரியத்துல பண்றாங்க?

வெண்ணணு:

நல்ல கேள்வி அக்கா. டிரெம்-1ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இந்தக் கேள்விதான்.

கிருமியை முதலில் அடையாளம் காண்பது டிஎல்ஆர் வகை ஏற்பிகள். அவற்றைக் கண்டறிந்த பணிக்குத்தான் 2011இல் பாய்ட்லர், ஹாஃப்மன் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. டிரெம்-1 அந்த முதல் அடையாளத்தைச் செய்வதில்லை. டிஎல்ஆர் எழுப்பும் குறிகையைப் பல மடங்கு பெருக்குகிறது. மைக்கும் ஆம்ப்ளிஃபையரும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எரிடோரான் மைக்கையே அணைக்கப் பார்த்தது. டிரெம்-1 பெப்டைடு ஆம்ப்ளிஃபையரின் ஒலியைக் குறைக்கிறது. பேச்சு கேட்கும், காது கிழியாது.

செயல்படும் விதமும் எளிது. டிரெம்-1ஐத் தூண்டும் பொருள்கள் பல இருக்கின்றன. பாக்டீரியாவின் சுவர்த் துண்டோடு சேர்ந்த பிஜிஎல்ஒய்ஆர்பி1 என்ற நம் சொந்தப் புரதம் அவற்றில் ஒன்று. எல்ஆர்12 அவற்றைத் தானே பிடித்துக்கொள்கிறது. ஏற்பிக்குப் போய்ச் சேர வேண்டியது போலியிடம் சிக்கிக்கொள்கிறது.

ஆன்டிபாடியை விட்டுப் பெப்டைடு எதற்கு என்று கேட்டால், ஆன்டிபாடி உடம்பில் வாரக்கணக்கில் தங்கும். இந்தப் பெப்டைடுகளை ரத்தத்தில் உள்ள நொதிகள் நிமிடங்களில் வெட்டிப் போட்டுவிடும். பொதுவாக மருந்துக்கு அது குறை. செப்சிஸில் அதுவே வசதி என்று நினைக்கிறேன். சொட்டு ஏறும் வரை வேலை செய்யும், ஏதோ சரியில்லை என்றால் சொட்டை நிறுத்தினால் போதும். ஆந்தையார் சொன்ன டிஎன்எஃப் ஏற்பி மருந்தில் அந்த வசதி கிடையாது. உள்ளே போனது நாள்கணக்கில் உள்ளேயே இருக்கும்.

எண்கணக்கன்:

இரண்டாம் கட்டச் சோதனை "வரை வந்திருக்கிறது" என்று எழுதிவிட்டு முடிவைச் சொல்லாமல் நகர்ந்துவிட்டீர்கள். நான் சொல்கிறேன்.

2023இல் வெளியானது. செப்டிக் ஷாக்கில் இருந்த 350க்கும் மேற்பட்டவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் போலி மருந்து, மற்ற இரண்டுக்கும் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.3 மில்லிகிராம், 1 மில்லிகிராம் என்று தொடர் சொட்டு. இறப்பு விகிதத்தை முதன்மை அளவுகோலாக வைக்கவில்லை. ஐந்தாம் நாளில் சோஃபா மதிப்பெண் எவ்வளவு இறங்கியது என்பதுதான் அளவுகோல். நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், ரத்த ஓட்டம், உறைதல், நினைவு என்று ஆறுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவது அது.

டிரெம்-1 அதிகமாகத் தூண்டப்பட்டால் அதன் ஒரு பகுதி வெட்டுப்பட்டு ரத்தத்தில் கரைந்து ஓடும். அந்தக் கரைந்த டிரெம்-1 ஒரு மில்லிலிட்டருக்கு 400 பிகோகிராமுக்கு மேல் உள்ளவர்களிடம் பலன் தெரியும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். அந்தக் குழுவில் புள்ளியியல் அளவில் வித்தியாசம் வரவில்லை. பிறகு கோட்டை 532க்கு உயர்த்திப் பார்த்தபோது, அதிக டோஸ் வாங்கியவர்களிடம் நல்ல முன்னேற்றம் தெரிந்தது.

அம்பு விழுந்த பிறகு கோட்டை நகர்த்துவதை என் துறையில் கண்டுபிடிப்பு என்று சொல்ல மாட்டோம். கருதுகோள் என்போம். அதற்கு மேல் ஒரு மதிப்பெண்கூடத் தர மாட்டேன்.

வெண்ணணு:

கருதுகோள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வெறும் கையால் பிடித்த கருதுகோள் இல்லை. எந்த ஏற்பியைத் தடுக்கிறோமோ அதே ஏற்பியின் அளவுதான் கோடு. அளவு கூடக் கூடப் பலன் கூடுகிறது, டோஸ் கூடக் கூடப் பலன் கூடுகிறது, அதுவும் எதிர்பார்த்த திசையில். வயதையோ பாலினத்தையோ பிடித்துக்கொண்டு துணைக்குழு தேடுவதும் இதுவும் ஒன்றா?

எண்கணக்கன்:

ஒன்றல்ல. அதனால்தான் கருதுகோள் என்றேன். இல்லையென்றால் குப்பை என்றிருப்பேன்.

ஐசியு ஆந்தை:

காபி முடிஞ்சது. எலி கதைக்கு வரேன், ஏன்னா இதை யாரும் முழுசா சொல்றதில்ல.

எலிக்கும் நமக்கும் எண்டோடாக்ஸின் தாங்கற சக்தியே வேற. ஆரோக்கியமான தன்னார்வலருக்கு ஒரு கிலோவுக்கு 2 இல்ல 4 நானோகிராம் ஏத்தினாலே காய்ச்சல், நடுக்கம் எல்லாம் வந்துடும். எலியைச் சாகடிக்க மில்லிகிராம் கணக்குல வேணும். லட்சக்கணக்கான மடங்கு வித்தியாசம். அதுவும் சோதனைக்கு எடுக்கறது பெரும்பாலும் ஒரே வயசு, ஒரே வம்சம், வேற நோய் எதுவும் இல்லாத இளம் எலி. என் வார்டுல படுத்திருக்கறவங்க யாரு? சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, கீமோதெரபி, எழுபது வயசு. நிறைய எலிச் சோதனைகள்ல மருந்தை நோய் வர்றதுக்கு முன்னாடியோ, வந்த ஒரு மணி நேரத்துக்குள்ளயோ குடுத்துடறாங்க. எங்க கிட்ட ஆள் வந்து சேர்றதுக்குள்ள எத்தனை மணி நேரம் ஓடியிருக்கும்னு யாருக்கும் தெரியாது.

இன்னொண்ணு. சி3எச்/எச்இஜேன்னு ஒரு எலி வம்சம். அதுக்குப் பிறவியிலயே டிஎல்ஆர்4 வேலை செய்யாது. எண்டோடாக்ஸினை மட்டும் ஏத்தினா அசையாம நிக்கும். உயிரோட இருக்கற சால்மோனெல்லாவை ஏத்துங்க, சாதாரண எலியை விட வேகமா செத்துடும். அக்கா கேட்ட கேள்விக்கு இதை விட நேரடியான பதில் எனக்குத் தெரியல.

பெட்ரித்தட்டு:

ஆந்தை சொன்னது டிஎல்ஆர்4 பற்றி. டிரெம்-1லும் அதே சிக்கல் உண்டு என்பதை வெண்ணணு சொல்லாமல் விட்டுவிட்டார்.

டிரெம்-1, அதன் உறவு ஏற்பியான டிரெம்-3 இரண்டும் அறவே இல்லாத எலிகளை உருவாக்கி நுரையீரலில் சூடோமோனாஸ் தொற்று ஏற்படுத்தியபோது அவை அதிகமாகச் செத்தன. காரணம், ரத்தத்திலிருந்து மூச்சறைக்குள் நியூட்ரோஃபில் சுவரைத் தாண்டிப் போக டிரெம்-1 தேவைப்படுகிறது. வெள்ளணு ரத்தத்தில் இருக்கிறது, கிருமி காற்றறைக்குள் இருக்கிறது, நடுவில் கதவு திறக்கவில்லை. கிளெப்சியெல்லா நிமோனியாவிலும் டிரெம்-1, டிரெம்-3 இரண்டும் இல்லாத எலிகளின் கதி மோசம்தான். மற்ற சில தொற்றுகளில் டிரெம்-1 இல்லாத எலிகள் கிருமியையும் சமாளித்து, வீக்கத்தையும் குறைத்துக்கொண்டன.

ஆக எந்தக் கிருமி, எந்த உறுப்பு என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. மரபணுவையே எடுத்துவிடுவதும் பெப்டைடால் ஓரளவு தடுப்பதும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் நிமோனியாவில் தொடங்கிய செப்சிஸையும் குடல் கிழிந்து வந்த செப்சிஸையும் ஒரே சோதனையில் சேர்த்து, ஒரே சராசரியை எடுத்தால் என்ன தெரியும் என்று எதிர்பார்க்கிறார்கள்?

டிரெம்-1ஐ மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். என்னைக் கேட்டால் இந்த வகையில் சிந்தனையளவில் அழகானது சிடி28 பெப்டைடு. சில ஸ்டாஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் சூப்பர் ஆன்டிஜென் என்ற நச்சை விடுகின்றன. சாதாரண ஆன்டிஜென் (உடல் அந்நியம் என்று அடையாளம் காணும் பொருள்) பத்தாயிரம் டி செல்களில் (ஒரு வகை வெள்ளணு) ஒன்றைக்கூட எழுப்பாது. சூப்பர் ஆன்டிஜென் ஐந்தில் ஒன்றையும் அதற்கு மேலும் ஒரே நேரத்தில் எழுப்பிவிடும். ஜெருசலேமில் கெம்ஃபர் குழுவினர் அது எப்படி என்று துருவியபோது, அந்த நச்சு டி செல் ஏற்பியோடு நிற்காமல் சிடி28 என்ற துணை ஏற்பியையும் நேரடியாகப் பிடிக்கிறது என்று கண்டார்கள். பிடிக்கும் இடம் சிடி28இன் இரண்டு பிரதிகள் ஒன்றோடொன்று ஒட்டும் விளிம்பு. அந்த விளிம்பிலிருந்து எட்டே அமினோ அமிலம் எடுத்துச் செய்ததுதான் பின்னால் ரெல்டெசிமோட் ஆனது. நச்சுக்குப் பிடிக்க இடம் கிடைக்காது, டி செல்லின் அன்றாட வேலை பெரிதாகக் கெடாது.

ஓரமாய் ஒருவன்:

சிடி28 என்றதும் 2006 லண்டன் சோதனை ஞாபகம் வருகிறது. ஆறு ஆரோக்கியமான இளைஞர்கள், முதல் டோஸிலேயே எல்லா உறுப்பும் படுத்துவிட்டது. அதே ஏற்பியா?

பெட்ரித்தட்டு:

அதே ஏற்பிதான், எதிர்த்திசை. டிஜிஎன்1412 என்ற அந்த ஆன்டிபாடி சிடி28ஐ முழுமூச்சாக முடுக்கிவிட்டது. விளைவாக வந்த சைட்டோகைன் (வீக்கத்தைத் தூண்டும் புரதம்) புயலில் கிருமியே கிடையாது, ஆனால் பார்ப்பதற்குச் செப்டிக் ஷாக் போலவே இருந்தது. நிலைதவறிய எதிர்வினை மட்டுமே போதும் ஆளைச் சாய்க்க என்பதற்கு அதைவிடக் கொடூரமான சான்று இருக்க முடியாது. விலங்குச் சோதனையில் அது எதுவும் தெரியவில்லை என்பதையும் ஆந்தையின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்கணக்கன்:

ரெல்டெசிமோட்டின் மூன்றாம் கட்ட முடிவையும் நானே சொல்ல வேண்டுமா? சரி.

தசை அழுகல் தொற்று உள்ள 290 பேர். ஒரே ஒரு ஊசி, கிலோவுக்கு அரை மில்லிகிராம். வெற்றி என்று எண்ண ஒரு நோயாளி 28ஆம் நாள் உயிரோடு இருக்க வேண்டும், அழுகிய திசுவை நீக்கும் அறுவை மூன்றுக்கு மேல் போகக் கூடாது, முதல் அறுவைக்குப் பின் உறுப்பு துண்டிக்கப்படக் கூடாது, உறுப்புச் செயலிழப்பு மதிப்பெண்ணும் இறங்கியிருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு. மருந்துப் பிரிவில் 48.6 சதவீதம், போலிப் பிரிவில் 39.9. தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வர வாய்ப்பு 13.5 சதவீதம். தேர்ச்சி இல்லை. சோதனைத் திட்டத்தைச் சரியாகப் பின்பற்றியவர்களை மட்டும் எடுத்தால் தேர்ச்சி. இறப்பு விகிதம் இரண்டு பிரிவிலும் ஒன்றுதான். அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை.

திரும்பத் திரும்ப ஒரே கதை: முழுக் குழுவில் தோல்வி, உள்ளே ஒரு சின்னக் குழுவில் வெளிச்சம்.

கேள்விக்காரி:

அந்தச் சின்னக் குழுவை முதல்லயே பிரிச்செடுத்து அவங்களுக்கு மட்டும் குடுத்தா என்ன? இதைக் கேக்க மருத்துவம் படிச்சிருக்கணுமா?

ஐசியு ஆந்தை:

வேண்டியதில்ல. நீங்க கேட்டது எங்க எல்லாருக்கும் உறைக்க ரொம்ப வருஷம் ஆச்சு.

நான் நம்பிக்கையில்லாம பேசினேன்னு தோணும். என் கோபம் பெப்டைடு மேல இல்ல, சோதனைகளை நடத்தின விதத்து மேல. கோவிட் காலத்துல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. டெக்ஸாமெதசோன், அரதப் பழசான மருந்து. 2020ல பெரிய சோதனை. வென்டிலேட்டர்ல இருந்தவங்க சாவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது. ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்குப் பலனே இல்ல, கெடுதல் இருக்கலாம்னு சந்தேகம் வேற. எல்லாரையும் ஒண்ணா கலக்கி ஒரே சராசரி போட்டிருந்தா அந்த முக்கியமான பாதி மங்கிப் போயிருக்கும்.

அதை விட நம்ம பேச்சுக்கு நெருக்கமானது அனாகின்ரா. வீக்கத்தைத் தூண்டற ஐஎல்-1ஓட ஏற்பியை அடைக்கிற புரதம். 1990கள்ல செப்சிஸ்ல போட்டுத் தோத்த மருந்து. 2016ல யாரோ பழைய கணக்கைத் திரும்பக் கிண்டினாங்க. மேக்ரோஃபேஜ்ங்கற வெள்ளணு வெறிபிடிச்ச மாதிரி இயங்கற அறிகுறி இருந்தவங்களை மட்டும் பிரிச்சுப் பாத்தா, மருந்து வாங்கினவங்க நிறைய பேர் பிழைச்சிருக்காங்க. அப்புறம் கோவிட்ல இன்னும் ஒரு படி போனாங்க. ரத்தத்துல சூபார்னு ஒரு கரைஞ்ச ஏற்பியை அளந்து, மில்லிலிட்டருக்கு 6 நானோகிராம், அதுக்கு மேல இருந்தா மட்டும் சோதனையில சேத்தாங்க. 2021ல பலன் தெளிவா வந்துச்சு, ஐரோப்பாவுல அனுமதியும் கிடைச்சுது. எண்கணக்கன் சாருக்காகச் சொல்றேன், அந்தக் கோடு அம்பு விடறதுக்கு முன்னாடியே போட்டது.

நாங்கிபோடைட்டும் அதே பாதையிலதான் நடக்குது. கரைஞ்ச டிரெம்-1ஐ அளந்து ஆளைப் பொறுக்கற யோசனை, தம்பி சொன்ன பெப்டைடை விட முக்கியம்னு நான் சொல்வேன்.

எண்கணக்கன்:

அனாகின்ராவுக்கு என் வணக்கம். 532 என்ற கோட்டை முன்கூட்டியே பூட்டி வைத்து, அதற்கு மேல் உள்ளவர்களை மட்டும் சேர்த்து, இறப்பையும் கணக்கில் எடுத்து ஒரு மூன்றாம் கட்டச் சோதனை வெற்றி பெற்றால் இங்கேயே வந்து கைதட்டுகிறேன்.

பெட்ரித்தட்டு:

அளவு மட்டும் போதாது, நேரமும் வேண்டும். செப்சிஸ் ஒரே நிலையில் நிற்பதில்லை. 2011இல் செப்சிஸில் இறந்தவர்களின் மண்ணீரலை எடுத்துப் பார்த்தார்கள். டி செல்கள் சோர்ந்து, தூண்டினாலும் சைட்டோகைன் விடாத நிலை. மோனோசைட்டில் எச்எல்ஏ-டிஆர் (கிருமித் துண்டை டி செல்லுக்குக் காட்டும் புரதம்) இறங்கிக் கிடப்பதும் அதே கதைதான். அப்படிப்பட்டவருக்கு டிரெம்-1 பெப்டைடு கொடுப்பது, ஏற்கெனவே அடங்கிக் கிடக்கும் எதிர்ப்பை இன்னும் அமுக்குவது. அவருக்கு வேண்டியது எதிர்த்திசை. டி செல்லுக்குக் கடிவாளம் போடும் பிடி-1 என்ற ஏற்பியின் தடையை நீக்கும் பெப்டைடுகள் அதற்காகத்தான் எலிகளில் சோதிக்கப்படுகின்றன. ஒரே நோயாளிக்குத் திங்களன்று ஒரு பெப்டைடும் வெள்ளியன்று அதற்கு நேர் எதிரானதும் தேவைப்படலாம்.

வெண்ணணு:

நிமிடங்களில் மறையும் மருந்து வசதி என்று நான் சொன்னதற்குக் காரணமும் இதுதான். திசை மாறும்போது நிறுத்திவிடலாம்.

இந்த வகையில் எனக்குத் தனிப்பட்ட ஈர்ப்பு வேறொன்றின் மேல். எல்பி17, எல்ஆர்12 இரண்டும் செல்லுக்கு வெளியே வேலை செய்பவை. டிரெம்-1ஐத் தூண்டும் பொருள்கள் பல என்பதால், போலி எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நம்ப வேண்டியிருக்கிறது. சிகலோவ் என்ற ஆய்வாளர் செல்லின் சவ்வுக்குள்ளேயே தடுக்கப் பார்த்தார். டிரெம்-1க்குச் சொந்தக் குரல் கிடையாது. சவ்வுக்குள்ளே தன் லைசின் என்ற அமினோ அமிலத்தால் டாப்12 என்ற புரதத்தின் ஆஸ்பார்டிக் அமிலத்தைப் பிடித்துக்கொண்டுதான் குறிகையை உள்ளே அனுப்புகிறது. ஒன்பது அமினோ அமிலம் கொண்ட ஜிஎஃப்9 அந்தப் பிடியில் புகுந்து இரண்டையும் பிரித்துவிடுகிறது. வெளியே எது வந்து ஒட்டினாலும் கவலையில்லை. இன்னும் விலங்குச் சோதனையில்தான் இருக்கிறது, ஆந்தையார் காபிக்குப் போக வேண்டாம்.

ஐசியு ஆந்தை:

போகல. ஆனா டாப்12ஐ டிரெம்-1 மட்டுமா பயன்படுத்துது? இயற்கைக் கொல்லி செல்லோட ஏற்பிகள் சிலதும் அதைத்தான் நம்பியிருக்கு. அந்தப் பிடியில கை வெச்சா வேற எதெல்லாம் அணையும்னு பாத்துட்டு வாங்க.

வெண்ணணு:

ஜிஎஃப்9இன் வரிசை டிரெம்-1இன் சவ்வுப் பகுதியிலிருந்து எடுத்தது, அதனால் அதற்கே குறிப்பானது என்பது அவர்கள் வாதம். மனித உடம்பில் அந்த வாதம் நிற்குமா என்பது சோதித்தால்தான் தெரியும். நியாயமான கேள்வி.

கேள்விக்காரி:

கடைசியா ஒண்ணு. கரைஞ்ச டிரெம்-1ஐ அளந்து முடிவு வர்றதுக்குள்ள நேரம் ஓடிடாதா? செப்சிஸ்ல ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்னு சொல்றீங்களே.

ஐசியு ஆந்தை:

அந்த மணிக்கணக்கு ஆன்டிபயாடிக்குக்கு. ஷாக்ல இருக்கறவங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள முதல் டோஸ் உள்ள போயிடணும்கறது 2021 வழிகாட்டுதல். அதுக்கு எந்த அளவீட்டுக்கும் காத்திருக்க மாட்டோம். பெப்டைடு அதுக்கு மேல போடறது, ஆன்டிபயாடிக்குக்குப் பதிலா இல்ல. அதனால ரத்த மாதிரி எடுத்து அளந்து பாக்க கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். ஆனா அந்த அளவீடு ராத்திரி ரெண்டு மணிக்கும் படுக்கை பக்கத்துலயே கிடைக்கணும். மறுநாள் காலையில ஆய்வகம் திறந்து அளவு 532ஐத் தாண்டியிருக்குன்னு சீட்டு வந்தா, அதுக்குள்ள அந்த நோயாளி பெட்ரித்தட்டு சொன்ன அடுத்த நிலைக்குப் போயிருக்கலாம்.